வேலியோரம் ஒரு சங்குப்பூக் கொடி

(தோட்டப் பாட்டாளிக் குடும்பங்களின் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு நண்பகலில் வீடு திரும்பும் உங்களிடம் வந்து, இன்னுமொரு செடியை நட்டுப் பேணுங்கள் என்று கூறினால், "பொழுதெல்லாம் மரத்தோடுதானே போராடுகிறோம், வீட்டிலும் அதே வேலையா?" என்று நீங்கள் எண்ணக்கூடும். அந்த எண்ணத்தில் நியாயம் உண்டு. எனினும் நாங்கள் இன்று பேச எடுத்துக்கொண்ட கொடி, உங்களுக்குப் புதிய பாடம் எதையும் புகட்ட வேண்டிய கொடியன்று. அதனை வளர்க்கும் வித்தையில் பெரும்பகுதி உங்கள் கைகளிலேயே இருக்கிறது. மறுநடவுக் காட்டில் தோட்டத்திற்காகப் பல்லாண்டு செய்த வேலையை, வீட்டு வேலிக்காக ஒருமுறை செய்தால் போதும். அதனை விளக்கவே இந்த உரை.

சங்குப்பூவைத்தான் குறிப்பிடுகிறோம். மலாய்க்காரர் இதனைப் பூங்கா தெலாங் என்பர். நம்மவருள் சிலர் சங்கு புஷ்பம் என்பர். ஊர்ப்பக்கத்து முதியோர் காக்கணம் என்பர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரும் மலர் வரிசையில் இடம்பெற்ற கருவிளை இதுவே. அங்குச் செருவிளை என்று குறிக்கப்படுவது இதன் வெள்ளை வகை என்பர். தாவர நூலார் இதற்கு இட்ட பெயரின் பின்பாதி, மொலுக்காஸ் தீவுகளுள் ஒன்றாகிய தெர்னாத்தேயின் பெயரிலிருந்து வந்தது. ஆக, தமிழ்ப் பாட்டுக்கும் மலாய்த் தீவுக்கும் ஒருசேர உறவுடைய கொடி இது.

இந்தக் கொடியால் எங்கள் இல்லத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் கூறுகிறோம். நாங்கள் பிறந்து வளர்ந்தது நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில். எங்கள் பாட்டியார் நட்ட சங்குப்பூக் கொடி ஒன்று, லயத்தின் கடைசி வீட்டு வேலியில் படர்ந்து, ஆண்டு முழுதும் நீலமாகப் பூத்துக்கொண்டிருந்தது. 1990-களில் அத்தோட்டத்து நிலம் கைமாறிற்று. குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. லயமும் வேலியும் மண்ணள்ளும் இயந்திரத்தின் கீழ்ப் போயின. புறப்படும் நாளில் எங்கள் அன்னையார் எடுத்துக்கொண்ட பொருள்களுள் ஒரு மாத்திரைப் புட்டியும் இருந்தது. அதனுள் அக்கொடியின் விதைகள்.

புதிய இடத்தில் காலூன்றி, வீட்டு முன்னே சிறிதளவு மண் கிடைப்பதற்குச் சில ஆண்டுகள் ஆயின. அன்னையார் புட்டியைத் திறந்து, இருபது விதைகளை நட்டு, நாள்தோறும் நீர் வார்த்தார். இரண்டு வாரங்களில் இரண்டே முளைத்தன. அவற்றுள் ஒன்றைக் கோழி கொத்திற்று. மற்றொன்றை நத்தை தின்றது. "விதை செத்துப்போயிற்று, மாமியார் கொடி அத்தோடு முடிந்தது" என்று கூறி அவர் வாசற்படியில் அமர்ந்திருந்த காட்சி இன்றும் எங்கள் கண்முன் நிற்கிறது.

அச்சமயம் பழைய தோட்டத்தில் அன்னையாரோடு ஒரே தண்டலில் வேலை செய்த பெரியவர் ஒருவர் வந்திருந்தார். அவர் மண்ணைக் கிளறி, முளைக்காத விதைகளைப் பொறுக்கி, கழுவி, நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அக்கா, செத்த விதை அழுகிப்போகும். இது கல்லுப் போல இருக்கிறது பாருங்கள். மூடுபயிர் விதைக்கு வெந்நீர் ஊற்றினோமே, மறந்துவிட்டதா? அதே சாதிதான் இது" என்றார். மீதமிருந்த பதினெட்டு விதைகளின் தோலையும் கீறி, ஓர் இரவு நீரில் ஊறவைத்து நட்டனர். ஒரு வாரத்திற்குள் பதினைந்து முளைத்தன.

பெரியவர் கூறியது முற்றிலும் உண்மை. மறுநடவு செய்த நிலத்தில், மண் அரிக்காமலும் களை மண்டாமலும் இருக்கும்பொருட்டுப் பூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா என்னும் கொடிகளை விதைப்பதை உங்களுள் பலர் செய்திருப்பீர்கள். இம்மூன்றும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை, சங்குப்பூவும் அக்குடும்பமே. சென்ட்ரோசீமாவின் ஊதாப் பூவை உற்று நோக்கியவர்க்கு உறவு எளிதில் விளங்கும். இரண்டு பூவும் தலைகீழாய்க் கவிழ்த்து வைத்தாற்போன்ற ஒரே அமைப்புடையன. (அதனால் சென்ட்ரோசீமாப் பூவைப் பறித்துச் சமைத்துவிடாதீர்கள், உண்பதற்குரியது சங்குப்பூ மட்டுமே.)

இக்குடும்பத்து விதைகளுள் பலவற்றிற்குத் தோல் மிகக் கடினம். விதை முற்றிக் காயக் காயத் தோல் இறுகி, நீர் உள்ளே புக இடமின்றி மூடிக்கொள்ளும். உள்ளே உயிர் இருக்கும். ஆனால் நீர் படாமல் அது விழிக்காது. இயற்கையில் மழையும் வெயிலும் மாறி மாறித் தாக்கி, மாதக்கணக்கில் தோல் நைந்து, ஒவ்வொன்றாய் முளைக்கும். அனைத்தும் ஒரே மழையில் முளைத்து ஒரே வறட்சியில் மடியாமல் இருப்பதற்குச் செடி கண்ட வழி இது. செடிக்கு இது நன்மை. நட்டுவிட்டுக் காத்திருக்கும் நமக்கோ ஏமாற்றம். கடையில் விதை வாங்கி, முளைக்கவில்லையென்று கடைக்காரரைக் கடிந்துகொள்பவரும், "என் கைக்கு ராசியில்லை" என்று தம்மையே நொந்துகொள்பவரும் இந்தத் தோலைத்தான் கடிந்துகொள்ள வேண்டும்.

தோலைத் திறப்பது எப்படி? தோட்டத்தில் மூட்டைக் கணக்கில் விதைக்கும்போது, கொதிநீர் இரண்டு பங்கும் குளிர்நீர் ஒரு பங்கும் கலந்தால் ஏறக்குறைய 75 பாகைச் சூடு வரும். அதில் விதையைக் கொட்டி ஊறவைப்பது பழைய வழக்கம். கைநிறையச் சங்குப்பூ விதை இருந்தால் இவ்வழி உங்களுக்கும் உதவும். நீரை ஊற்றிய பின் தீயில் வைக்கவே கூடாது, விதை வெந்துவிடும். பத்து இருபது விதையென்றால் வெந்நீரைவிடக் கீறுவதே நன்று. நகவெட்டியால் தோலின் ஓரத்தில் ஒரு சிறு துண்டு எடுங்கள். அல்லது தச்சர் மரத்தைத் தேய்க்கும் மணல்தாளில் நான்கைந்து முறை உரசுங்கள். கறுப்புத் தோலின் கீழ் வெளிர்நிறம் சிறிது தெரிந்தால் போதும். விதையின் ஒரு பக்கத்தில், நெற்றோடு ஒட்டியிருந்த வடு ஒன்று காணப்படும். முளை வருவது அந்தப் பக்கத்தில். ஆதலின் அதற்கு எதிர்ப்புறத்தில் கீறுக. பால் வெட்டும் கத்தியை இதற்குப் பயன்படுத்த வேண்டா. விதையோ உளுந்தின் பருமன். கத்தியோ மரத்திற்குத் தீட்டியது. விரல் போய்விடும்.

பிறகு ஓர் இரவு நீரில் ஊறவிடுங்கள். காலையில் பருத்திருப்பவை திறந்தவை. பருக்காமல் கிடப்பவை இன்னும் மூடியவை. அவற்றை மீண்டும் உரசுங்கள். இவ்வளவே வித்தை. மூடுபயிர் விதையை வீரியமான அமிலத்தில் போட்டெடுக்கும் முறையும் உண்டு. அது பயிற்சி பெற்றோர் செய்யும் வேலை. அதைக் கேள்விப்பட்டு, ஸ்டோரில் பால் உறைய ஊற்றும் அமிலத்தை வீட்டிற்குக் கொண்டுவந்து பரிசோதிக்க எண்ணாதீர்கள். அது வேறு அமிலம். கண்ணுக்கும் கைக்கும் கேடு. பிள்ளைகள் திரியும் வீட்டில் வைக்கத் தகாதது.

நடுவதற்குத் தொட்டி தேடி அலைய வேண்டியதில்லை. கழித்துப்போட்ட பழைய பால் மங்கு, அடியில் துளையிட்டால் நல்ல நாற்றுச் சட்டி ஆகும். மேல்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு கலந்து நிரப்பி, விரல்நுனி ஆழத்தில் மங்குக்கு ஒரு விதை இடுக. மிக ஆழமாய்ப் புதைக்காதீர். நான்கு நாள் முதல் பத்து நாளுக்குள் முளை தெரியும். கோழி, நத்தை இரண்டினின்றும் காக்க வேண்டிய காலம் அதுதான். பழைய கொசுவலைத் துண்டு ஒன்று இருந்தால் மூடி வையுங்கள். எங்கள் அன்னையார் இரண்டாம் முறை மங்குகளைத் தண்ணீர்த் தொட்டி விளிம்பின் மேல் அடுக்கிவிட்டார். கோழி பறந்து ஏறவில்லை.

இவ்விடத்தில் மிக முக்கியமான ஓர் எச்சரிக்கை. களைக்கொல்லி, பூச்சிமருந்து வந்த தோம்பையோ டின்னையோ கழுவிவிட்டோம் என்று நம்பி, அதில் இந்தக் கொடியை நடாதீர்கள். நாம் இதன் பூவை உண்ணப் போகிறோம். மருந்துக் கலம் எத்தனை முறை கழுவினாலும் உணவுக்கும் நீருக்கும் உதவாது. துளையிட்டு, நசுக்கி, நிருவாகத்திடம் ஒப்படைக்க வேண்டிய பொருள் அது. அவ்வாறே, மருந்தடிக்கும் காட்டோரத்திலும் பாதையோரத்திலும் தானே படர்ந்திருக்கும் சங்குப்பூவைப் பறித்துண்ணலாகாது. பாராகுவாட் என்னும் கடுநஞ்சை 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்துவிட்டனர். ஆயினும் வேறு களைக்கொல்லிகள் பயன்பாட்டில் உள்ளன. முதுகில் தோம்பு சுமந்து மருந்தடிக்கும் தாய்மார்கள் அதன் நெடியை நன்கு அறிவார்கள். அந்த வேலை முடித்து வந்தவர், உடைமாற்றிக் குளித்த பின்னரே கொடியருகில் சென்று பூப்பறிப்பது நலம்.

நாற்றில் மூன்று நான்கு இலைகள் விட்டதும், வேர் கலையாமல் மண்ணோடு எடுத்து வேலியோரம் நடுக. ஒரு முழ இடைவெளி போதும். கம்பியோ மூங்கிலோ கோணிக்கயிறோ எது கிடைத்தாலும் சுற்றிக்கொண்டு ஆள் உயரத்துக்கு மேல் ஏறிவிடும். இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கவனம் வேண்டும். ரப்பர் மரங்கள் வளர்ந்து தழை மூடியதும், கீழே செழித்திருந்த மூடுபயிர் மெல்ல மெல்ல அழிந்துபோவதைக் கண்டிருக்கிறீர்கள் அன்றோ? சங்குப்பூவுக்கும் அதே குணம். நாளில் ஆறு மணி நேரமேனும் வெயில் படாத இடத்தில் நட்டால் இலை வரும், பூ வராது. நீர் தேங்கும் பள்ளமும் ஆகாது.

உரத்தைப் பொறுத்தவரை, அள்ளிப் போடுகின்ற அன்பே கொடிக்குப் பகை. இதன் வேரில் மூடுபயிர் வேரில் உள்ளவை போன்ற சிறு முடிச்சுகள் உண்டு. அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடிக்குத் தருகின்றன. முடிச்சு ஒன்றைக் கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாய் இருக்கும். இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். இதற்கு மேல் யூரியாவும் இட்டால் கொடி கொழுத்து, பூவை மறந்துவிடும். தேவைப்படுவது மணிச்சத்து. மூடுபயிருக்குப் பாறைப் பாஸ்பேட்டுத் தூவுவது இதற்காகவே. ஸ்டோரிலிருந்து ஒரு பிடி எடுத்து வரலாம் என்று நாங்கள் கூறவில்லை. எலும்புத் தூள் கடையில் கிடைக்கும். நம் தோட்டத்து மண் பெரும்பாலும் புளிப்பு மண்ணாதலின், விறகடுப்புச் சாம்பல் கிடைத்தால் மாதம் ஒரு கைப்பிடி தூவுங்கள், மிகுதியாக வேண்டா. மருந்து படாத இடத்தில் மூடுபயிர் செழித்திருந்தால், அதன் வேரடி மண்ணில் இரண்டு பிடி கொணர்ந்து குழியில் இடுவதும் நல்ல வழக்கம். முடிச்சுக்குரிய நுண்ணுயிர் அம்மண்ணோடு வந்து சேரும்.

அசுவினி ஒட்டினால் சோப்பு நீர் தெளித்துக் கழுவுக; மருந்து வேண்டா. ஆடு வளர்ப்போர் கொடியைச் சற்றுத் தள்ளியே நடவேண்டும். இதன் இலை ஆட்டிற்கு நல்ல தீவனம். நல்ல தீவனம் என்பதை ஆடும் அறியும்.

விதைத்த இரண்டு மூன்று மாதங்களில் முதற்பூ மலரும். ஒரு பூவுக்கு ஒரு நாளே ஆயுள். காலையில் விரிந்தது மறுநாள் சுருண்டுவிடும். பால் வெட்டிவிட்டு வந்து பறித்தாலும் பிழையில்லை. காலையில் வீட்டிலிருக்கும் பிள்ளைகளிடம் விட்டுவிடுவது இன்னும் நன்று. நாள்தோறும் பறிக்கப் பறிக்கத்தான் புதுப்பூ வரும். பறிக்காது விட்டால் காய் பிடித்து, கொடி தன் கடமை முடிந்ததென்று ஓய்ந்துவிடும்.

உண்ணும் முறைக்கு வருவோம். அண்டை வீட்டு மலாய்க்காரரிடம் நாம் கற்கவேண்டியது இது. கிளந்தானின் நாசி கெராபு நீலச்சோறு இப்பூவின் சாற்றினால் நிறம் பெறுவது. மலாக்கா நோஞ்ஞா மக்களின் பூலுட் தாய்தாய் என்னும் பலகாரத்திலும் நீலத்திட்டு இதனுடையதே. நம் அடுக்களையிலோ, பூவைப் பூசைக்கு வைப்பதோடு நிறுத்திக்கொண்டோம். தீபாவளிப் பலகாரத்திற்குக் கடையில் சாயப்புட்டி வாங்குகிறோம். வேலியிலுள்ள சாயத்தை எண்ணிப் பார்ப்பதில்லை.

பத்துப் பதினைந்து பூக்களின் பச்சைக் காம்பை நீக்கி, கழுவி, அரைக் கோப்பை வெந்நீரில் இட்டுப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்து வடிகட்டினால், கருநீலச் சாறு கிடைக்கும். இடியாப்ப மாவைப் பிசையும் நீரோடு இதனைக் கலந்து பாருங்கள். நீல இடியாப்பத்தின் மேல் வெள்ளைத் தேங்காய்ப் பூவும் சர்க்கரையும் தூவி வைத்தால், உண்ண மறுக்கும் பிள்ளையும் தட்டை இழுத்துக்கொள்ளும். சுவையோ மணமோ பெரிதாக இராது. நிறம் ஒன்றே இதன் செல்வம். சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும். சோடா மாவு சிறிது இட்டால் பச்சையாகும். புளிப்பையும் காரத்தையும் பற்றிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இதைக் காட்டுங்கள். ஏட்டில் உள்ள அறிவியல் கண்ணாடிக் குவளையில் தெரியும்.

இக்காலத்தில் இப்பூவைக் குறித்துப் பற்பல பேச்சுகள் உலவுகின்றன. சர்க்கரை நோய் தீரும், மயிர் வளரும், மூளை தெளியும் என்றெல்லாம் கூறி விற்கின்றனர். இவற்றை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்துவது பேதைமை. இப்பூவின் சாற்றை உணவு நிறமியாகப் பயன்படுத்த அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2021-இல் இசைவளித்தது. மறுஆண்டு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உலர்பூவின் பாதுகாப்புப் பற்றி ஐயம் எழுப்பியது. எங்கள் கருத்து இது: தலைமுறை தலைமுறையாய் இம்மண்ணில் உண்டுவரும் அளவில், உணவுக்கு நிறமாகக் கொள்ளுங்கள், குடம் குடமாய்க் குடிக்க வேண்டா. கருவுற்ற தாய்மார் தவிர்ப்பது நலம். வேரும் விதையும் கடும் பேதியை உண்டாக்கும். அவற்றைப் பிள்ளைகள் வாயிலிடாமல் காக்க வேண்டும். வேலியோரத்து நீலப்பூ எல்லாம் சங்குப்பூ ஆகிவிடாது என்பதையும் சொல்லிவையுங்கள். புனல்போல் விரியும் நீலப்பூ வேறு கொடி. சங்கைப் பிளந்தாற்போல் ஒரு பெரிய இதழும், நடுவில் மஞ்சள் வெண்மையும் உடையதே இது.

விற்றுப் பணமாக்கலாமா என்று சிலர் கேட்கின்றனர். உலர்த்தி விற்போர் உண்டு. ஆனால் உலர்ந்தால் எடை ஏறக்குறையப் பத்தில் ஒன்றாய்க் குறையும். ஒரு கிலோ உலர்பூவுக்குப் பல்லாயிரம் பூக்களை ஒவ்வொன்றாய்க் கிள்ள வேண்டும். வீட்டு வேலி அதற்குப் போதாது. வீட்டுக்கு மிஞ்சியதை நிழலில் உலர்த்தி, காற்றுப்புகாத டின்னில் வைத்து, மழைக்காலத்தில் பயன்படுத்துவதே நமக்கு ஏற்றது.

எல்லாப் பூவையும் பறித்துவிடாமல், நல்ல கொடியொன்றில் சில காய்களை விட்டுவையுங்கள். காய் விரல்நீளம், தட்டையாய் இருக்கும். பழுப்பேறி உலர்ந்தவுடன் பறித்துவிட வேண்டும். ஒருநாள் தாமதித்தால் வெயிலில் வெடித்து விதையைச் சிதறிவிடும். ஒரு காயில் எட்டுப் பத்து விதை இருக்கும். நன்கு காயவைத்துப் புட்டியில் அடைத்தால் ஆண்டுகள் பல கழிந்தாலும் கெடாது; தோல் இறுகியிருப்பது அப்போது நமக்கு நன்மை.

எங்கள் அன்னையாரின் மாத்திரைப் புட்டி இப்பொழுது நிரம்பியிருக்கிறது. பழைய லயத்திலிருந்து பிரிந்து போன குடும்பத்தார் சிலர், சுங்கை பட்டாணியிலும் கிள்ளானிலும் இருப்பவர்கள், அக்கொடியை நினைவு வைத்திருந்து விதை கேட்டு அனுப்பினர். முதலில் கொடுத்தனுப்பிய வீட்டிலிருந்து, "ஒன்றும் முளைக்கவில்லை" என்று செய்தி வந்தது. அதன்பின் அவர் பன்னிரண்டு விதைகளைக் காகிதத்தில் மடித்து, மேலே "தோலைக் கீறி ஓர் இரவு ஊறவைக்கவும்" என்று எழுதித்தான் கொடுக்கிறார். நீங்களும் அவ்வாறே எழுதிக் கொடுங்கள்.